மகமூது கவானைக் கொன்றது பொய்க்கடிதமா, அவர் கொண்டுவந்த சீர்திருத்தங்களா?

வகுப்பறைக்குறிப்பு (கேள்வி):

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துபவன். பாமினி அரசைப் பற்றிய பாடத்தில் ஓர் இடம் ஆண்டுதோறும் எனக்கு நெருடுகிறது. ஈரானின் கீலான் பகுதியிலிருந்து புறப்பட்டு 1453இல் தாபோல் துறைமுகத்தில் வணிகராக வந்திறங்கிய மகமூது கவான், பாமினித் தலைநகரான பீதரின் அரண்மனையில் இடம்பிடித்து, அடுத்தடுத்து நான்கு சுல்தான்களிடம் பணியாற்றி, 1466இல் தலைமை அமைச்சராகி, 1472இல் கோவாவைக் கைப்பற்றி, நான்காக இருந்த மாகாணங்களை எட்டாகப் பிரித்து, பீதரில் மூன்றடுக்கு மதரசா ஒன்றையும் கட்டினார் என்பது வரை பாடம் நிதானமாகச் செல்கிறது. அதன் பிறகு, பொறாமை கொண்ட தக்காணப் பிரபுக்கள் பொய்க்கடிதம் ஒன்றை உருவாக்கினார்கள், சுல்தான் அதை நம்பி அவரைக் கொன்றுவிட்டார் என்று இரண்டே வரியில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "பதினெட்டு வருஷம் கூடவே இருந்தவரை ஒரே ஒரு காகிதத்தைப் பார்த்துட்டா கொன்னுடுவாரு, சார்?" என்று கேட்டாள். என்னால் சரியாக விடை சொல்ல முடியவில்லை. அந்தக் கடிதக் கதையை எவ்வளவு தூரம் நம்பலாம், 'தக்கணிகள்' (உள்நாட்டார்) என்றும் 'ஆஃபாக்கிகள்' (வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள்) என்றும் பிரபுக்களைப் பிரித்துச் சொல்வது அந்தக் கொலையை விளக்கப் போதுமானதா, அவருடைய சீர்திருத்தங்களால் உண்மையில் யாருக்கு என்ன நட்டம் என்பவற்றை, படித்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழந்தாள்:

ஐயா, முதலில் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கதையை நாம் பெரும்பாலும் பாரசீக மொழி வரலாற்றாசிரியரான ஃபெரிஷ்தாவிடமிருந்துதான் பெறுகிறோம். அவர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 125 ஆண்டுகளுக்குப் பின், பீஜப்பூரில் அடில்ஷாகி அரசரின் ஆதரவில் எழுதியவர். அந்த அரச மரபைத் தொடங்கிய யூசுஃப் அடில் கானோ, கவானால் வளர்த்துவிடப்பட்டவர். கவானிடம் பணியாற்றிய அப்துல் கரீம் ஹமதானியின் எழுத்தையும் ஃபெரிஷ்தா பயன்படுத்தியிருக்கிறார். ஆகவே நம் கைக்கு வரும் கவான், நன்றியுள்ளவர்களின் கை வழியாக வரும் கவான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

அவர் சொல்லும் கதையின் நடு அச்சு, முத்திரை. கவானின் முத்திரையைக் காத்துவந்தவன் ஒரு ஹப்ஷி, அதாவது அபிசீனிய அடிமை. எதிரணியினர் அவனோடு பழகி, பரிசுகள் கொடுத்து, ஒரு நாள் மது அருந்தச் செய்து, மடித்த தாள் ஒன்றை நீட்டுகிறார்கள். நண்பர் ஒருவரின் கணக்குத் தாள் இது, வேறு அதிகாரிகளின் முத்திரைகள் ஏற்கெனவே விழுந்துவிட்டன, உன் எசமானரின் முத்திரை மட்டுமே பாக்கி என்கிறார்கள். அவன் தாளைப் பிரித்துப் பார்க்காமலேயே முத்திரையைப் பதித்துக் கொடுத்துவிடுகிறான். உள்ளே எதுவும் எழுதப்படாத அந்தத் தாளில், 'சுல்தானின் குடியாலும் கொடுமையாலும் சலித்துப்போனோம், நீங்கள் படையோடு வந்தால் நாட்டைப் பங்கிட்டுக்கொள்ளலாம்' என்ற பொருளில் ஒரிசாவின் கஜபதி மன்னருக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டு, சுல்தான் முன்னால் வாசிக்கப்படுகிறது. அப்போது உடன் நின்று தூபம் போட்டவர் தெலங்கானாவின் ஒரு பகுதிக்கு ஆளுநரான மாலிக் ஹசன் பஹ்ரி.

சுல்தான் மூன்றாம் முகம்மது ஷா அப்போது கொண்டபள்ளியில் முகாமிட்டிருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான், 1481 மார்ச்சில், நம் காஞ்சிபுரத்தின் மீது பாய்ந்து கோயில்களைக் கொள்ளையிட்டுத் திரும்பியிருந்தார். கவானுக்கு அழைப்பு வந்ததும், போக வேண்டாம், குதிரைகள் ஆயத்தமாக இருக்கின்றன, குஜராத்துக்குச் சென்றுவிடலாம் என்று நண்பர்கள் தடுத்ததாகவும், அவர் மறுத்துவிட்டுச் சென்றதாகவும் ஃபெரிஷ்தா எழுதுகிறார். எசமானுக்குத் துரோகம் செய்தவனுக்கு என்ன தண்டனை என்று சுல்தான் கேட்க, வாள்தான் என்று கவான் சொல்ல, கடிதம் காட்டப்படுகிறது. முத்திரை என்னுடையது, எழுத்து என்னுடையதன்று என்பது அவருடைய பதில். சுல்தான் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஜௌஹர் என்ற அடிமைக்குக் கண்ணைக் காட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

இந்த உரையாடல் சொல்லுக்குச் சொல் நடந்ததா என்றால், நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். நாடகத்துக்குரிய ஒழுங்கு அதில் மிகுதி. ஆனால் முத்திரைக் கதையை அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்தை விட முத்திரைக்கே மதிப்பிருந்த நிர்வாகத்தில், முத்திரையைக் கையில் வைத்திருந்த கடைசி ஊழியன்தான் கோட்டையின் மிக மெல்லிய சுவர்.

தணிக்கையாளன்:

முந்தைய பதிலின் இறுதி வரி என்னைச் சற்றுச் சிரிக்க வைத்தது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மேலதிகாரி வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போவார். அவற்றில் ஒன்று எங்கே போயிற்று என்று இரண்டு மாதம் தேடினோம். அது கிடக்கட்டும். ஐயா கேட்ட மூன்றாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன், ஏனெனில் அது முழுக்க முழுக்கச் சம்பளக் கணக்கு.

தொடக்கத்தில் பாமினி அரசு குல்பர்கா, தௌலதாபாத், பேரார், தெலங்கானா என்று நான்கு தரஃப்களாக, அதாவது மாகாணங்களாக, இருந்தது. நாம் இன்றும் 'என் தரப்பு', 'அவர் தரப்பு' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் மூலம் இதுதான். ஒவ்வொரு தரஃப்தாரும், அதாவது மாகாண ஆளுநரும், தன் பகுதியின் வரியைத் தானே வசூலித்து, படையைத் தானே வைத்துக்கொண்டு, அங்குள்ள கோட்டைகளுக்கெல்லாம் தன் ஆட்களையே காவலராக நியமித்து, ஏறக்குறைய ஒரு சிற்றரசராகவே வாழ்ந்தார். கோவாவும் கோதாவரிக் கழிமுகமும் சேர்ந்து நாடு கடலுக்குக் கடல் விரிந்தபோது, அதே நால்வரின் வலிமையும் அதற்கேற்பப் பெருத்துவிட்டது.

கவான் செய்தவற்றைப் பிரபுக்களின் பையிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். குல்பர்காவிலிருந்து பீஜப்பூரையும், தௌலதாபாத்திலிருந்து ஜுன்னரையும் பிரித்தார். பேராரைக் காவில், மாகூர் என்றும், தெலங்கானாவை ராஜமகேந்திரி, வாரங்கல் என்றும் இரண்டாக்கினார். இதனால் ஆளுநரின் நிலப்பரப்பு ஒரேயடியாகச் சுருங்கியது. அப்படிச் சுருங்கியதற்குள்ளும் சில பகுதிகளைத் தனியே எடுத்து, அவற்றின் வரி நேரடியாக அரசருக்குச் சேருமாறு செய்தார். ஒவ்வோர் ஆளுநரின் கையிலும் ஒரே ஒரு கோட்டையை மட்டும் விட்டுவைத்து, ஏனையவற்றுக்குக் கோட்டைத் தலைவர்களைத் தலைநகரே நியமித்து, அவர்களுக்குச் சம்பளத்தையும் தலைநகரே கொடுக்க ஏற்பாடு செய்தார். கோட்டை கையில் இல்லாத ஆளுநர் கலகம் செய்ய நினைத்தாலும் ஓடி ஒளிய இடமிருக்காது. போதாததற்கு நிலத்தை அளந்து, எல்லை குறித்து, வரி நிர்ணயம் செய்யவும் தொடங்கினார்.

சம்பளத்துக்கு வருகிறேன். 500 குதிரைவீரர்களை வைத்துக்கொள்ள வேண்டிய பிரபுவுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ஹூன் என்றிருந்ததை 1.25 லட்சமாக உயர்த்தினார். 1000 வீரர்களுக்கு 2 லட்சம் என்றிருந்தது 2.5 லட்சமாயிற்று. (ஹூன் என்பது நம் ஊரில் வராகன் என்று வழங்கிய அதே பொற்காசு.) ஆக, தலைக்கு 200 ஹூன் என்பது 250 ஆனது. கேட்பதற்கு இனிக்கிறது. ஜாகீராக, அதாவது சம்பளத்துக்கு ஈடாக, கொடுத்த நிலத்தின் வருவாய் இந்தத் தொகைக்குக் குறைந்தால் மீதியைக் கருவூலம் ரொக்கமாகக் கொடுத்துவிடும் என்பதும் நியாயமே. ஆனால் ஏட்டில் 500 என்றிருந்து களத்தில் ஓராள் குறைந்தாலும் அவனுக்குரிய தொகை திரும்பப் பிடிக்கப்படும் என்ற விதியும் கூடவே வந்தது. 500 பேருக்குப் பணம் வாங்கிக்கொண்டு 350 பேரை வைத்திருந்த பிரபுவுக்குப் பழைய விகிதத்தில் ஆண்டுக்கு 30,000 ஹூன் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (350 என்பது என் எடுத்துக்காட்டு எண்தான்). புதிய விகிதத்தில் அவருக்குக் கிடைத்தது ஊதிய உயர்வு, கைவிட்டுப் போனது அந்த மிச்சம். வருகைப்பதிவேட்டில் கை வைத்த அதிகாரியை எந்தக் காலத்தில் ஊழியர்கள் மன்னித்திருக்கிறார்கள்?

மாலிக் ஹசனின் வருத்தத்தையும் இங்கேயே வைத்துப் பார்க்கலாம். முழுத் தெலங்கானாவையும் எதிர்பார்த்தவருக்கு ராஜமகேந்திரி மட்டும் கிடைத்து, வாரங்கல் ஆசம் கானிடம் போயிற்று. மற்றவர்களின் எல்லையைக் குறைத்த கவானோ, புதிதாகப் பிறந்த பீஜப்பூர் மாகாணத்தைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். சீர்திருத்தக்காரர் தமக்கென்று ஒரு மாகாணத்தை வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றமாகாதுதான். ஆனாலும் பார்ப்பவர் கண்ணை அது உறுத்தாமல் இருந்திருக்காது.

கோதாவரிக்கரை:

இரண்டு பதில்களும் நன்று. தக்கணி, ஆஃபாக்கி என்னும் இரண்டு கட்சிகளுக்குள் இந்தக் கொலையை முழுவதும் அடைத்துவிடும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை என்பதால் எழுதுகிறேன்.

பகை இருந்தது என்பதை மறுக்க முடியாது. வடக்கிலிருந்து முன்பே வந்து குடியேறியவர்களும், உள்நாட்டில் மதம் மாறியவர்களும் தக்கணிகள் எனப்பட்டனர். பாரசீகம், துருக்கி, அரபு நாடுகளிலிருந்து கடல்வழியாகப் புதிதாக வந்தவர்கள் ஆஃபாக்கிகள். 1422இல் முதலாம் அகமது ஷா அரியணை ஏறத் துணைநின்ற கலஃப் ஹசன் பஸ்ரி என்னும் வணிகருக்கு 'மாலிக்-உத்-துஜ்ஜார்', அதாவது வணிகர்களின் தலைவர், என்னும் பட்டத்தோடு பெரும் பதவியும் கிடைத்ததிலிருந்து புதியவர்களின் செல்வாக்கு ஏறிக்கொண்டே போனது. அடுத்த சுல்தானின் காலத்தில் கலஃப் ஹசன் கொங்கண மலைக்காட்டில் சூழ்ச்சிக்கு இரையாகிப் படையோடு மாண்டதும், உயிர்பிழைத்துச் சாக்கன் கோட்டையில் ஒதுங்கிய ஆஃபாக்கிகளைத் தக்கணிப் பிரபுக்கள் துரோகிகள் என்று அரசரிடம் கோள்மூட்டிக் கொன்றுகுவித்ததும் கவான் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே நடந்தவை. அங்கும் அரசரை அசைத்தது கடிதம்தான் என்பதைக் கவனியுங்கள். அதே மாலிக்-உத்-துஜ்ஜார் பட்டம் பிற்பாடு கவானுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் 1481இல் என்ன நடந்தது? எட்டு மாகாணங்களைப் பிரித்துக்கொடுத்தபோது கவான் தம் நாட்டவருக்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கவில்லை. காவிலைப் பெற்ற ஃபத்துல்லா இமாத்-உல்-முல்க், விஜயநகரப் பகுதியில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து சிறுவயதில் சிறைப்பட்டு மதம் மாறியவர். (மாலிக் ஹசனின் பிறப்பும் ஏறத்தாழ இப்படிப்பட்டதே.) குல்பர்காவைப் பெற்ற தஸ்தூர் தினாரும், மாகூரைப் பெற்ற குதாவந்த் கானும் ஹப்ஷிகள். கட்சிக் கணக்குப்படி இவர்கள் அனைவரும் கவானின் கொலையைக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் ஃபத்துல்லாவும் குதாவந்த் கானும் தங்கள் படைகளைப் பிரித்துக்கொண்டு போய்த் தனியே முகாமிட்டார்கள். கவான் போன்றவருக்கே இந்தக் கதி என்றால் எங்கள் உயிருக்கு என்ன உறுதி என்பதுதான் அவர்கள் தரப்பு. வேறிடத்தில் போர்ப்பணியிலிருந்த யூசுஃப் அடில் கானும் வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். தக்கணியும் ஹப்ஷியும் ஆஃபாக்கியும் ஒரே பக்கம் நின்ற காட்சி அது. கட்சிப்பகை கொலைக்கருவியைச் செய்துகொடுத்திருக்கலாம். அதற்குப் பிறகு அரசைப் பிளந்தது, அரசரின் சொல்லுக்குக் கீழே யாருக்கும் பாதுகாப்பில்லை என்ற அச்சம்.

இன்னொன்று. கவானைப் பாயில் படுத்து மண்பானையில் சமைத்துண்ட துறவியாகவே நம் எழுத்தாளர்கள் காட்டுகிறார்கள். அவரைக் கொன்ற பின் பெரும் செல்வத்தை எதிர்பார்த்துக் கணக்குக் கேட்டபோது, ஏழைகளுக்கென்று தனியே வைத்திருந்த கருவூலத்தில் 'லாரி' எனப்பட்ட வெள்ளிக்காசுகள் 300 மட்டுமே இருந்தன என்று ஃபெரிஷ்தா சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அவர் உயிரோடிருந்தபோதே பீதருக்கு வந்துபோன ருஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதின் வேறொரு மனிதரைக் காட்டுகிறார். மாலிக்-உத்-துஜ்ஜாரின் வீட்டில் நாள்தோறும் 500 பேர் விருந்துண்கிறார்கள். லாயத்தில் 2000 குதிரைகள் நிற்க, அவற்றில் 1000 இரவும் பகலும் சேணம் பூட்டியபடி ஆயத்தமாக இருக்கின்றன. 100 யானைகள் கட்டப்பட்டிருக்கின்றன. இரவுதோறும் கவசமணிந்த நூறு பேர் காவல் நிற்க, எக்காளமும் முரசும் முழங்குகின்றன. பிரபுக்கள் வெள்ளிக் கட்டில்களில் சுமந்து செல்லப்படுவதையும், நாட்டுப்புறத்து மக்கள் வறுமையில் உழல்வதையும் அதே மனிதர் அருகருகே எழுதிவைத்திருக்கிறார்.

வகுப்பறைக்குறிப்பு:

மூவருக்கும் நன்றி. பாயும் மண்பானையும் ஒருபுறம், இரண்டாயிரம் குதிரைகள் மறுபுறம் என்றால் மாணவர்களுக்கு எதைச் சொல்வது? மாணவி கேட்ட கேள்விக்கும், அதாவது சுல்தான் ஏன் விசாரிக்கவே இல்லை என்பதற்கும், இன்னும் விடை வரவில்லை என்று நினைக்கிறேன்.

பழந்தாள்:

ஐயா, முதல் முரண்பாட்டுக்கு ஃபெரிஷ்தாவிடமே ஒரு திறவுகோல் இருக்கிறது. கொங்கணப் போரை முடித்துக் கவான் திரும்பியபோது சுல்தான் அவர் வீட்டுக்கே வந்து தங்கிச் சிறப்பித்ததாகவும், விருந்து முடிந்ததும் கவான் அறைக்குள் சென்று, பட்டாடையைக் களைந்து, அழுது, ஏழை உடையை அணிந்துகொண்டு, பொன்னையும் மணியையும் வாரிக் கொடுத்துவிட்டு, நூல்களையும் குதிரைகளையும் யானைகளையும் மட்டும் வைத்துக்கொண்டதாகவும் அவர் எழுதுகிறார். நூல்கள் மாணவர்களுக்குரியவை, குதிரையும் யானையும் அரசருடையவை, என்னிடம் இரவலாக இருக்கின்றன என்று காரணமும் சொன்னாராம். நிகிதின் பார்த்தது அரசாங்கத்தின் லாயத்தை, ஃபெரிஷ்தா எழுதியது அந்த மனிதரின் படுக்கையை என்று கொண்டால் இரண்டும் மோதவேண்டியதில்லை. அவருடைய மதரசாவின் நூலகத்தில் 3000 நூல்கள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பீதரில் இன்று நிற்பது பாதிக் கட்டடந்தான். ஔரங்கசீப்பின் படையினர் அங்கே வைத்திருந்த வெடிமருந்து வெடித்ததில் மறுபாதி சரிந்துவிட்டது. எஞ்சிய ஒற்றை மினாரின் மேல் நீலமும் பச்சையுமான ஓடுகள் அங்கங்கே திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மாணவியின் கேள்விக்கு விடை, சுல்தானின் வயதில் இருக்கிறது என்பது என் எண்ணம். 1463இல் அரியணை ஏறியபோது அவருக்கு ஒன்பது அல்லது பத்து வயது. ஆட்சியை நடத்தியவர்கள் அரசித்தாயும், குவாஜா ஜகான் என்ற துருக்கியரும், கவானுமாகிய மூவர். துருக்கியர் 1466இல் கொல்லப்பட்டார். அரசித்தாய் பெல்காம் படையெடுப்பின்போது இறந்தார். எஞ்சிய ஒரே காப்பாளர் கவான். 1481இல் சுல்தானுக்கு ஏறத்தாழ இருபத்தேழு வயது. நினைவு தெரிந்த நாள் முதலாக எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டே இருந்தால், அவர் மீது நன்றி மட்டுமா ஊறும்? விசாரித்தால் கடிதம் பொய் என்று தெரிந்துவிடும். அது தெரியவரக் கூடாது என்று மனத்தின் ஒரு மூலை விரும்பியிருந்தால் விசாரணை எங்கிருந்து வரும்? இது என் ஊகம், சான்று காட்ட முடியாது. சான்றுள்ள பகுதி, அடுத்த ஆண்டு 1482 மார்ச்சில் அதே குடியால் சுல்தான் இறந்ததும், கவான் என் நெஞ்சைப் பிளக்கிறார் என்று கடைசி நேரத்தில் அலறியதாக ஃபெரிஷ்தா எழுதியிருப்பதும்.

வகுப்பில் காட்ட ஒன்று சொல்கிறேன். நம் கல்வெட்டுகளிலும் வானியல் நூல்களிலும் கடபயாதி முறையில் எழுத்துக்கு எண் வைத்து ஆண்டைக் குறிப்பார்கள் அல்லவா? பாரசீகத்தில் அதற்கு அப்ஜத் என்று பெயர். கவானின் மறைவுக்கு ஒரு வரி வழங்குகிறது: "பேகுனஹ் மகமூத் காவான் ஷுத் ஷஹீத்". குற்றமற்ற மகமூது கவான் உயிர்த்தியாகி ஆனார் என்பது பொருள். எழுத்துகளின் மதிப்பைச் சொல்வாரியாகக் கூட்டினால் 87, 98, 78, 304, 319, மொத்தம் 886. ஹிஜ்ரி 886தான் கவான் கொல்லப்பட்ட 1481. மதரசாவுக்கும் இப்படி ஒன்று உண்டு. "ரப்பனா தகப்பல் மின்னா", எங்கள் இறைவனே, எங்களிடமிருந்து இதை ஏற்றுக்கொள்வாயாக என்னும் குர்ஆன் தொடர். 253, 532, 91 என்று கூட்டினால் ஹிஜ்ரி 876 வரும்.

தணிக்கையாளன்:

கூட்டிப் பார்த்தேன், இரண்டும் சரியாக இருக்கின்றன. மாணவர்களுக்குப் பலகையில் எழுதிக்காட்டும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். குற்றம் என்னும் பொருள்தரும் சொல்லை வழக்கமான நெடில் வடிவத்தில் 'குனாஹ்' என்று எழுதினால் 1 என்னும் மதிப்புடைய அலிஃப் எழுத்து ஒன்று கூடி 887 ஆகிவிடும். செய்யுளில் வரும் குறில் வடிவமாகிய 'குனஹ்' என்றே எழுதினால்தான் கணக்கு நேராகும்.